நம்ம வயலுக்குப் போற பாதை யாருக்குச் சொந்தம்?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தீர்மானம் எல்லாம் எழுதி முடித்து நோட்டை மூடுகிற நேரத்தில்தான் யாராவது ஒரு அக்கா மெதுவாக ஆரம்பிப்பார்கள். "மேடம், எங்க வயலுக்குப் போற பாதையில கல்லுக்கால் ஊணி கம்பி கட்டிட்டாங்க. அறுப்பு மிஷின் போக வழியில்ல. போலீஸ்ல சொல்லலாமா, தாசில்தாருக்கு மனு குடுக்கலாமா?" வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. நான்குவழிச் சாலை வந்த பிறகும், வாடிப்பட்டி – தாமரைப்பட்டி சுற்றுச்சாலை வேலை தொடங்கிய பிறகும் நிலத்துக்கு விலை ஏறிவிட்டது. முன்னாடி "போய்ட்டு வாத்தா" என்று சொன்னவர்களே இப்போது வேலி போடுகிறார்கள். சிலர் வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவருக்கு நம்மையும் தெரியாது, நம்ம பாதையையும் தெரியாது. அதனால் இந்த இதழில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பாத்தியம் என்றால் என்ன?

உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தை எடுத்து, கடைசியில் சொத்து விவரம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். நான்கு மால் எழுதி, சர்வே நம்பர், ஏக்கர் சென்ட் எல்லாம் எழுதிய பிறகு, "மாமூல் வழிநடை பாத்தியமும், வண்டி, கால்நடைகள் போகவர பாத்தியமும், வாய்க்கால் வழியாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும் சேர்த்து" என்கிற மாதிரி ஒரு வரி வரும். நிறையப் பேர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. வக்கீல்கள் ஈஸ்மெண்ட் என்று சொல்வது இதைத்தான். தமிழில் வசதியுரிமை என்று எழுதுவார்கள். நமக்குப் பழகிய சொல் பாத்தியம், அதையே வைத்துக்கொள்வோம்.

அடுத்தவர் நிலம் அடுத்தவருக்குத்தான் சொந்தம். அதை நாம் உழ முடியாது, விற்க முடியாது. ஆனால் நம் நிலத்தை நாம் அனுபவிக்க வேண்டுமானால் அந்த நிலத்தில் ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்துகொள்ள நமக்கு உரிமை உண்டு: நடந்து போவது, வண்டி ஓட்டுவது, தண்ணீர் கொண்டு போவது, நம் கூரைத் தண்ணீர் அவர் இடத்தில் விழுவது. அவ்வளவுதான் பாத்தியம். இதற்கென்று இருக்கும் சட்டம் இந்திய வசதியுரிமைகள் சட்டம், 1882. அந்த வருடம் ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோதே சென்னை மாகாணத்துக்கும் பொருந்தும்படிதான் வந்தது. நம்ம பெரியாறு அணை தண்ணீர் விட்டது 1895-இல். அதாவது, நம் வாய்க்காலைவிடப் பழைய சட்டம் இது. இன்றைக்கும் இதுதான் நடப்பில் இருக்கிறது.

இந்த உரிமை ஆளோடு ஒட்டியது அல்ல, நிலத்தோடு ஒட்டியது. நீங்கள் நிலத்தை விற்றால் வாங்குகிறவருக்குப் பாத்தியமும் சேர்ந்தே போகும். அதே மாதிரி பாதை இருக்கும் நிலத்தை அவர் விற்றால், வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தும். "நான் புதுசா வாங்கினேன், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

முதலில் அது யார் பாதை என்று பாருங்கள்

சண்டைக்குப் போவதற்கு முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேலி போட்டது தனியார் பட்டா நிலத்திலா, அல்லது அரசுப் பாதையிலா? கிராமக் கணக்கில் வண்டிப்பாதை, பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அது பொதுப்பாதை. அதற்குப் பாத்தியம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஊரில் யாரும் போகலாம். அதை அடைத்தால் அது ஆக்கிரமிப்பு. நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-இன்படி அகற்றும்படி தாசில்தாருக்கு மனுக் கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம்.

தெரிந்துகொள்வது எப்படி? புலப்படமும் அ-பதிவேடும் வாங்குங்கள். இரண்டும் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. இ-சேவை மையத்தில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அ-பதிவேட்டில் அந்த சர்வே நம்பருக்கு நேராகப் பட்டாதாரர் பெயர் இருக்கிறதா, புறம்போக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். புலப்படத்தில் சில பாதைகள் புள்ளிக்கோடாகப் பட்டா நிலத்துக்குள்ளேயே போகும். அதை உடனே அரசுப் பாதை என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் அது நல்ல சாட்சி. சர்வே எடுத்த காலத்திலேயே அங்கே ஒரு தடம் இருந்தது என்று காட்டும்.

பட்டா நிலத்துக்குள் போகிற பாதை என்றால் விஷயம் வேறு. அங்கே பாத்தியம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியது சிவில் கோர்ட். விஏஓ-வும் தாசில்தாரும் பேசிப் பார்க்கலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. "பட்டாவுல பாதை ஏறல, அதனால உங்களுக்கு உரிமை கிடையாது" என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். பட்டாவில் எழுதினால்தான் பாத்தியம் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை.

பாத்தியம் எப்படி வருகிறது?

மூன்று வழி முக்கியம். எழுதிக் கொடுத்து வருவது, பாகப்பிரிவினையிலோ விற்பனையிலோ வேறு வழியே இல்லாததால் வருவது, ரொம்ப வருடம் அனுபவித்து வருவது. ஊர் வழக்கத்தால் வருகிற உரிமையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதிக் கொடுத்தது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்திரத்தில் இன்ன இடத்தில், இத்தனை அடி அகலத்தில், இன்ன காரியத்துக்கு என்று இருந்தால் அதுதான் இருப்பதிலேயே பலமான பாத்தியம்.

இரண்டாவது வகைதான் பெண்களான நமக்கு ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டில் 1989-இலேயே மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு என்று சட்டத் திருத்தம் வந்தது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. சரி, பங்கு கொடுக்கிறார்கள். எந்தப் பங்கு? ஒரு உதாரணம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர். கால்வாய்க் கரைப் பாதையை ஒட்டி முன்னால் இருக்கும் இரண்டு ஏக்கரைத் தம்பிகள் எடுத்துக்கொண்டு, பின்னால் ஒரு ஏக்கரை அக்காவுக்கு எழுதினார்கள். பத்திரத்தில் பாதை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அக்காவின் நிலத்துக்கு மூன்று பக்கமும் மற்றவர் நிலம். ஐந்து வருடம் கழித்து ஏதோ மனஸ்தாபம். "எங்க நிலத்துல கால் வைக்காதே" என்று ஆகிவிட்டது. பங்கு கையில் இருக்கிறது, போக வழி இல்லை. கடைசியில் அந்தத் தம்பிகளுக்கே அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டிய நிலைமை. சில இடங்களில் இது திட்டம் போட்டுச் செய்வதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த அக்காவுக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஒன்றாக இருந்த சொத்தைப் பிரிக்கும்போது, ஒரு பங்கை அனுபவிக்க இன்னொரு பங்கின் வழியாகப் போவது தவிர்க்க முடியாதது என்றால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அந்தப் பாத்தியம் உண்டு என்று பிரிவு 13 சொல்கிறது. ஒரே ஆள் தன் நிலத்தில் பின்பக்கத்தை மட்டும் பிரித்து விற்றாலும் இதே கதைதான். எந்த இடத்தில் பாதை விடுவது என்று தீர்மானிக்கிற உரிமை தம்பிகளுக்கு. ஆனால் அது அக்காவுக்கு நியாயமான வசதியாக இருக்க வேண்டும், பள்ளத்திலும் முள்ளிலும் காட்டிவிட்டுப் போக முடியாது. அவர்கள் காட்ட மறுத்தால் அக்காவே ஒரு வழியைக் குறித்துக்கொள்ளலாம் என்றுகூட பிரிவு 14 சொல்கிறது.

ஆனால் இதில் இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று, வேறு வழியே இல்லை என்றால்தான் இது செல்லும். சுற்றிப் போனால் ஒரு கிலோமீட்டர் ஆகும், வரப்பெல்லாம் சேறு என்பதெல்லாம் பத்தாது. கஷ்டமான வழியாக இருந்தாலும் ஒரு வழி இருந்தால், இந்தப் பிரிவு கைகொடுக்காது. இரண்டாவது, தேவை தீர்ந்தால் பாத்தியமும் தீர்ந்தது (பிரிவு 41). நாளைக்குப் பின்பக்கம் ஒரு ரோடு வந்துவிட்டால், தம்பிகள் பழைய பாதையை அடைத்துக்கொள்ளலாம்.

எழுதிக் கொடுத்த பாத்தியத்துக்கு இந்த இரண்டு ஓட்டையும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒப்பந்தத்தால் கொடுத்த பாதை, பிறகு வேறு வழி கிடைத்தது என்பதற்காக மட்டும் அழிந்துபோகாது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது, "எல்லாம் நம்ம குடும்பம்தானே, எதுக்குப் போய் எழுதிக்கிட்டு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முழுப் பத்திரத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பங்குக்குப் பாதை எந்தப் பக்கம், எத்தனை அடி, டிராக்டரும் அறுப்பு மிஷினும் போகலாமா, நடைபாதை மட்டுமா, கிணற்றுக்கும் மோட்டார் ரூமுக்கும் போகலாமா, பைப் புதைக்கலாமா என்று ஒவ்வொன்றும் அதில் வர வேண்டும். நடைபாதை என்று எழுதி வாங்கிவிட்டுப் பிறகு வண்டி ஓட்டப் போனால் தகராறுதான். பாத்தியம் தானாக வளராது.

இருபது வருடக் கணக்கு

மூன்றாவது வகை, அனுபவத்தால் வருவது. பிரிவு 15. "எங்க மாமனார் காலத்துல இருந்து இப்படித்தான் போறோம்" என்று நாம் சொல்வோமே, அதைச் சட்டம் இருபது வருடம் என்று அளந்து வைத்திருக்கிறது. அரசு நிலம் என்றால் 30 வருடம். வெளிப்படையாக, சண்டை சச்சரவு இல்லாமல், தடையில்லாமல், உரிமையோடு போய் வந்திருக்க வேண்டும். ராத்திரியில் தெரியாமல் போனது கணக்கில் வராது.

இதில் "உரிமையோடு" என்கிற வார்த்தையில்தான் நிறைய வழக்குகள் தோற்றுப் போகின்றன. அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொல்லி நாம் போனால் அது அனுமதி, பாத்தியம் ஆகாது. முப்பது வருடம் போனாலும் ஆகாது. பொதுவாக அவர் நினைத்தால் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த அனுமதியை நம்பி நாம் நிரந்தரமான கட்டுமானம் ஏதாவது பணம் போட்டுச் செய்திருந்தால் மட்டும் அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது (பிரிவு 60). மரியாதையாகக் கேட்டுப் போனவளுக்கு உரிமை இல்லை, கேட்காமல் போனவளுக்கு உண்டு என்பது கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இதை மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். நம் உறுப்பினர்களில் பலர் பாதை விட்டுக்கொடுக்கிற பக்கம் இருக்கிறார்கள். பக்கத்து வயல்காரர் உங்கள் வரப்பில் போய் வருகிறார், நல்ல மனிதர், தடுக்க மனமில்லை. தடுக்க வேண்டாம். "தங்கள் அனுமதியின் பேரில் போய் வருகிறேன்" என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகளுக்கு உதவும். இன்னொன்று, பாத்தியம் இருந்தாலும் அவர் உங்களுக்கு இடைஞ்சல் குறைவான விதத்தில்தான் அதை அனுபவிக்க வேண்டும். நேற்று கிழக்கு வரப்பு, இன்று நடு வயல் என்று போக முடியாது. பாதையைச் சரிசெய்கிற செலவும் அவருடையதுதான்.

இன்னும் இரண்டு கணக்கு உண்டு, இவைதான் நம்மை ஏமாற்றிவிடுகின்றன. அந்த இருபது வருட அனுபவம், வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். "முப்பது வருஷம் போனோம், அடைச்சு ஆறு வருஷம் ஆச்சு, இப்பத்தான் வக்கீலப் பாக்குறோம்" என்றால் கஷ்டம். அடுத்தது ஒரு வருடக் கணக்கு. அவர் வேலி போட்டு அடைத்தது உங்களுக்குத் தெரிந்தும், ஒரு வருடம் அதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால், உங்கள் அனுபவத்தில் தடை விழுந்துவிட்டது என்று ஆகிவிடும். ஆகவே வேலி விழுந்த மறுவாரமே உங்கள் எதிர்ப்பை எழுத்தில் காட்டுங்கள். ஒரு கடிதம் போதும். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நல்லநாள் போகட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

தண்ணீர்

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் பாயும் பகுதியில் நாம் இருக்கிறோம். மடையிலிருந்து வரும் தண்ணீர் மேல்வயல் வழியாகத்தான் கீழ்வயலுக்கு வரும். மேல்வயல்காரர் மண்ணடித்துப் பிளாட் போட்டால் கீழே இருக்கிற நெல்லும் கொடிக்காலும் காய்ந்துவிடும். தனியார் நிலத்துக்குள் போகிற வயல் வாய்க்காலுக்குப் பாதைக்குச் சொன்ன அதே மூன்று வழியும் பொருந்தும். அரசு வாய்க்காலை மூடினால் அது நீர்வளத்துறையிடம் புகார் செய்ய வேண்டிய விஷயம்.

கூட்டுக் கிணற்றில் பங்கு என்பது பாத்தியம் அல்ல, அது சொந்தம். ஆனால் கிணற்றுக்குப் போகும் வழியும், அங்கிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலும் அல்லது பைப்பும் அடுத்தவர் நிலத்தில் இருந்தால், அவை பாத்தியம். பங்கை எழுதிவிட்டு வழியை எழுதாமல் விட்ட பத்திரங்கள் ஏராளம். பக்கத்தில் போர் போட்டதால் என் கிணறு வற்றிவிட்டது என்று கேட்பவர்களுக்கு, வருத்தமாக இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: பூமிக்கடியில் தனி ஓடையாக ஓடாத தண்ணீரில் இருபது வருட அனுபவத்தால் பாத்தியம் கிடைக்காது (பிரிவு 17).

ஊர் வழக்கத்தால் வரும் உரிமை என்று சொன்னேன். சுடுகாட்டுக்குப் போகும் வழி, மந்தைக்கு மாடு ஓட்டும் தடம் மாதிரி, இன்ன ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் என்று காலகாலமாக இருப்பவை. இதில் ஒன்றை ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டும். பட்டியலின மக்கள் ஒரு பொதுப்பாதையையோ சுடுகாட்டையோ மற்றவர்களைப் போலப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தால், அது பாத்தியத் தகராறு அல்ல, குற்றம். 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். அதற்கு இருபது வருடக் கணக்கெல்லாம் தேவையில்லை, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

அடைத்துவிட்டார்கள், இப்போது என்ன செய்வது?

வேலியை நீங்களே பிடுங்கக் கூடாது. கோபம் நியாயம்தான், ஆனால் தடையைத் தானாக அகற்றக் கூடாது என்று பிரிவு 36 நேராகவே சொல்கிறது. கம்பியை வெட்டினால் அடைத்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் ஸ்டேஷனில் நிற்பீர்கள். பாத்தியம் உங்களுடையது என்றாலும் இதுதான் நடக்கும்.

முதலில் போட்டோ எடுங்கள், தேதியோடு. பாதை தெரியும்படி, பழைய வண்டித்தடம் தெரியும்படி. பிறகு காகிதம். உங்கள் பத்திரம், அதற்கு மூலப்பத்திரம். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: எதிர்த்தரப்பு நிலத்தின் பத்திரத்துக்கும் நீங்கள் பதிவு அலுவலகத்தில் நகல் கேட்கலாம். அவர் சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பத்திர எண் கிடைக்கும். நகல் வாங்கி நான்கு மாலைப் படியுங்கள். அவருடைய பத்திரத்திலேயே "பாதைக்கு மேற்கு" என்று எழுதியிருந்தால், பாதியளவு வழக்கு அங்கேயே முடிந்த மாதிரி. பழைய நாளில் அந்தப் பாதையில் போய் வந்த பெரியவர்கள், உழவு ஓட்டியவர், பால்காரர் யார் யார் என்று பெயர் எழுதி வையுங்கள். அவர்கள்தான் நாளைக்குச் சாட்சி.

கைகலப்பு வரும் நிலைமை என்றால் காவல் நிலையம் மூலமாக ஆர்டிஓ போன்ற நிர்வாக நடுவருக்குப் போகலாம். நிலத்தையோ தண்ணீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறுக்கு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் (பிஎன்எஸ்எஸ், பிரிவு 166) இடம் இருக்கிறது. வருடம் முழுக்கப் பயன்படுத்துகிற பாதை என்றால், புகாருக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீங்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இது அமைதிக்காகச் செய்வதுதான், நிரந்தரத் தீர்வு கோர்ட்டில்.

கோர்ட்டில் வழக்குப் போடும்போது, நம் பாத்தியம் எந்த வகை என்று மனுவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். "எனக்கு வழி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பத்தாது; மனுவில் கேட்காத பாத்தியத்தைக் கோர்ட் தானாகக் கொடுக்க முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. பாதை எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை அடி என்று வரைபடத்தோடு சொல்லுங்கள். அடைக்காமல் இருக்க இடைக்காலத் தடை கேட்கலாம். ஸ்தலத்தைப் பார்வையிட வக்கீல் கமிஷனர் போடச் சொல்லியும் கேட்கலாம். பெரும்பாலும் அந்தக் கமிஷனர் அறிக்கைக்குப் பிறகுதான் எதிர்த்தரப்பு பேச்சுவார்த்தைக்கு வரும்.

வக்கீல் பீஸுக்கு எங்கே போவது என்றுதான் அடுத்த கேள்வி வரும். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். வருமானச் சான்று கேட்டு அலைய வைத்தால் இதைச் சொல்லுங்கள். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்குப் போனும் செய்யலாம். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் முடியும். அங்கே சமரசம் ஆனால் அது கோர்ட் தீர்ப்பு மாதிரி, அதன் மேல் அப்பீல் கிடையாது. அதனால் சமரசத்தில் எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாதைத் தகராறுக்கு இதுதான் நல்ல இடம் என்பது என் அபிப்பிராயம். தீர்ப்பு வாங்கி ஜெயித்தாலும் தினமும் அதே பக்கத்து வயல்காரர் முகத்தில்தானே முழிக்க வேண்டும்.

அவர் பாதை தரச் சம்மதித்து, நீங்கள் பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால், இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். பதிவு செய்யுங்கள். பதிவு செய்தால்தான் நாளைக்கு அந்த நிலத்தை வாங்க வருகிறவர் வில்லங்கச் சான்றில் அதைப் பார்ப்பார்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் நிலப் பத்திரத்தின் ஜெராக்ஸ், சொத்து விவரம் இருக்கும் பக்கம் மட்டும், கொண்டு வாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அக்காக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் இருக்கட்டும். பாதை வரி இல்லாத பத்திரங்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வோம், பாகப்பிரிவினை இன்னும் ஆகாத குடும்பங்களுடையதை முதலில் பார்ப்போம்.